திருட்டு வழக்கில் தண்டனை: சாட்சியத்தின் ஓட்டைகளைக் காட்டி மேல்முறையீட்டில் வெல்வதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருட்டு வழக்கில் நீதித்துறை நடுவர் தண்டனை கொடுத்துவிட்டார், சாட்சிகள் சொன்னதிலோ ஏகப்பட்ட கோளாறு, அமர்வு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக வேண்டும். தமிழ்நாட்டில் இந்த நிலையில் நிற்பவர்களுக்கும், இப்படியொரு வழக்குக் கட்டை முதன்முறையாகக் கையில் வாங்கும் ஜூனியர் வழக்கறிஞர்களுக்கும் எழுதுகிறேன்.

ஒரு விஷயம் தெளிவாக இருந்தால் மீதியெல்லாம் தானாக வரும். மேல்முறையீட்டு நீதிபதி சாட்சியைப் பார்க்கப் போவதில்லை. கூண்டில் அவர் திணறியது, பதில் சொல்லாமல் அரசு வழக்கறிஞர் முகத்தைப் பார்த்தது, எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் முன்னால் தாள் மட்டும்தான் இருக்கும். அதனால் 'சாட்சி பொய் சொல்லிவிட்டார்' என்று எத்தனை முறை சொன்னாலும் ஒன்றும் ஆகாது, அந்தப் பொய் எந்தத் தாளில் எந்தப் பத்தியில் உடைகிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

பிரிவு எண்கள் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் அமலில் இருக்கின்றன. குற்றம் அதற்கு முன் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டம் 379 அல்லது 380, அன்றோ அதற்குப் பிறகோ என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 303(2) அல்லது 305. நடைமுறைச் சட்டத்துக்கு (புதியது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பழையது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) கீழே புதிய எண்ணை முதலிலும் பழைய எண்ணைச் சாய்கோட்டுக்கு அடுத்தும் தருகிறேன். மனுவிலும் இரண்டையும் எழுதிவிடுங்கள், எண் தகராறில் மனு திரும்பி வருவதைவிட அது மேல்.

1. தீர்ப்பு நாளன்று, நீதிமன்றத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்

வழக்கு நடக்கும்போது ஜாமீனில் இருந்து, தண்டனை மூன்று ஆண்டுக்கு மேல் போகவில்லை என்றால், தண்டித்த நடுவரிடமே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம் (430(3)/389(3)). மேல்முறையீடு போட்டு மேல் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கும் வரைக்குமான அவகாசம் இது. மனுவையும் ஜாமீன்தாரர்களையும் தயாராக வைத்துக்கொண்டு போக வேண்டும். 'விடுதலை ஆகிவிடும்' என்ற நம்பிக்கையில் வெறுங்கையோடு போய், சாயங்காலம் சிறைக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அபராதத்தை முடிந்தால் அன்றே கட்டிவிடுங்கள். கட்டுவதால் மேல்முறையீட்டு உரிமை போய்விடாது, விடுதலையானால் திரும்பக் கிடைக்கும். கட்டாமல் விட்டால், சிறைத் தண்டனை நிறுத்தப்பட்ட பிறகும் அபராதத்துக்கான மாற்றுத் தண்டனை தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அரசு ஊழியர் என்றால் இன்னொரு சிக்கல். தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைப்பது வேறு. முதலாவதை வாங்கிவிட்டு வேலை பத்திரம் என்று நினைக்காதீர்கள். வேலை போகும் என்ற விளைவைக் குறிப்பாக எழுதி, குற்றத்தீர்ப்பை நிறுத்தத் தனியாகக் கேட்க வேண்டும், அது லேசில் கிடைப்பதும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அப்போது தண்டனையின் அளவையும் சட்டப்பூர்வத் தன்மையையும் மட்டுமே எதிர்க்க முடியும் (416/375). 'ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம், ஒத்துக்கோ' என்று யாராவது வராந்தாவில் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

2. முப்பது நாள் கணக்கு

நடுவர் தீர்ப்பிலிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள். தீர்ப்பு நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, தீர்ப்பின் நகல் பெறத் தேவைப்பட்ட காலமும் கழியும் (காலவரம்புச் சட்டம் 12). ஆனால் சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாக உடனே தர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது (404/363). அன்றே நகல் கைக்கு வந்துவிட்டால் அந்தக் கழிவை நம்பி உட்கார வேண்டாம், முப்பதை முப்பதாகவே எண்ணுங்கள்.

ஜூனியர்கள் தவறாமல் இடறும் இடம் இது: சாட்சிய நகல்கள் வரட்டும் என்று காத்திருப்பது. மேல்முறையீட்டு மனுவோடு சட்டம் கேட்பது தீர்ப்பின் நகலை மட்டும்தான் (423/382). தீர்ப்பு நகலோடு மனுவைப் போட்டுவிட்டு, கூடுதல் காரணங்களைப் பிறகு சேர்க்க அனுமதி கேட்டுக்கொள்ளலாம்.

நாள் தாண்டிவிட்டால் காலதாமத மன்னிப்பு மனு. அதில் 'உடல்நிலை சரியில்லை' என்று ஒரே வரியில் முடிக்காமல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ன தடை, அதற்கு என்ன தாள் என்று எழுதுங்கள். சிறையில் இருப்பவர் சிறை அலுவலர் வழியாகவே மேல்முறையீட்டை அனுப்பலாம் (424/383). காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் தரும். தொலைபேசி எண் 15100.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

முதல் தகவல் அறிக்கையும் அதோடு உள்ள புகாரும், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து அதிகாரி எழுதிய குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், சாட்சிகள் போலீசிடம் சொன்ன வாக்குமூலங்கள் (180/161), ஒப்புதல் வாக்குமூலம், கைப்பற்றுதல் மகஜர், பொருள்களை நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம் 95, அடையாள அணிவகுப்பு (பலரோடு நிறுத்திச் சாட்சியை ஆளைக் காட்டச் சொல்வது) நடந்திருந்தால் அந்த அறிக்கை, ரிமாண்டு அறிக்கை, இறுதி அறிக்கை, குற்றச்சாட்டு வனைந்த தாள், எல்லா சாட்சிகளின் முதல் விசாரணையும் (அழைத்த தரப்பே கேட்பது) குறுக்கு விசாரணையும், எதிரியிடம் (நீதிமன்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்) நீதிமன்றம் கேட்ட கேள்விகளும் பதில்களும் (351/313), கடைசியாகத் தீர்ப்பு.

இதில் போலீஸ் வாக்குமூலங்கள் நீதிமன்றச் சான்றாவணங்கள் ஆகாது, அதனால் சான்றிட்ட நகல் கட்டில் வராது. விசாரணை தொடங்கும் முன் எதிரிக்குக் கொடுத்த நகல் தொகுப்பில்தான் இருக்கும். அதைப் பழைய வழக்கறிஞரிடமிருந்து முதல் வேலையாக வாங்குங்கள். அது இல்லாமல் ஐந்தாம் படியை எடுத்து வைக்கவே முடியாது.

4. படிக்கும் வரிசை: தீர்ப்பைக் கடைசியில் படியுங்கள்

எல்லோரும் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குவார்கள். தொடங்கினால் நடுவர் கோத்த கதை மண்டையில் ஏறிவிடும், அப்புறம் சாட்சியத்தைப் படிக்கும்போதும் அந்தக் கதையைத்தான் தேடுவீர்கள். புகார், வரைபடம், மகஜர், வாக்குமூலங்கள், நீதிமன்றச் சாட்சியம், கேள்வி பதில், பிறகு தீர்ப்பு என்று சம்பவம் வளர்ந்த அதே வரிசையில் படியுங்கள். கதை எந்தக் கட்டத்தில் புதிதாக ஒரு சதைப்பிடிப்பு பெறுகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

ஒரு நீளத் தாளில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் விஷயம்: நேரம், வெளிச்சம், தூரம், ஆள் எத்தனை, முகம், உடை, பொருளின் அடையாளம், எடை, கைது நடந்த இடம். மேலே ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு சாட்சியும். கட்டத்துக்குள் அவர்கள் சொன்ன வார்த்தையையே பக்க எண்ணோடு எழுதுங்கள், உங்கள் வார்த்தையில் சுருக்காதீர்கள். 'இருட்டாக இருந்தது' என்பதும் 'வெளிச்சம் குறைவு' என்பதும் நீதிமன்றத்தில் ஒன்றல்ல.

சாட்சியத்தில் வரும் 'என்றால் சரியல்ல' என்ற வாலைப் பார்த்துப் படியுங்கள். எதிரியின் வழக்கறிஞர் முன்வைத்த கருத்தைச் சாட்சி மறுத்தால் எழுத்தர் அப்படித்தான் தட்டச்சு செய்வார். 'அன்று தெருவிளக்கு எரியவில்லை என்றால் சரியல்ல' என்று இருந்தால் சாட்சி மறுத்திருக்கிறார், விளக்கு எரிந்தது என்பதுதான் அவர் நிலை. அந்த வாலைக் கவனிக்காமல், 'தெருவிளக்கு எரியவில்லை என அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) ஒப்புக்கொண்டுள்ளார்' என்று ஒரு ஜூனியர் காரணங்களில் எழுதி, அரசுத் தரப்பு அந்த ஒரு வரியை உரக்கப் படித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு அந்த மனுவில் இருந்த நல்ல காரணங்களையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்த்தார். சாட்சி மறுத்துவிட்ட கருத்து சான்று ஆகாது. 'என்றால் சரிதான்' என்று முடிபவைதான் உங்கள் சொத்து, அவற்றைச் சிவப்பில் கோடிடுங்கள்.

5. முரண்பாட்டை நிரூபித்திருக்கிறதா என்று பாருங்கள்

பெரும்பாலான மேல்முறையீடுகள் நிற்பதும் விழுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சாட்சி போலீசிடம் ஒன்று சொல்லி நீதிமன்றத்தில் வேறு சொல்லியிருந்தால், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். போதாது. போலீஸ் வாக்குமூலத்தை அந்தச் சாட்சியை முரண்படுத்த மட்டுமே எதிரி பயன்படுத்தலாம், அதற்கும் ஒரு முறை உண்டு (181/162, பாரதிய சாக்ஷ்ய அதினியம் 148, பழைய சாட்சியச் சட்டம் 145). குறுக்கு விசாரணையில் அந்த வரியைச் சாட்சியிடம் காட்டி, இப்படிச் சொன்னீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். அவர் மறுத்தால், வாக்குமூலத்தைப் பதிவு செய்த புலன் விசாரணை அதிகாரி கூண்டுக்கு வரும்போது அவரிடமும் கேட்டு, 'ஆம், என்னிடம் அப்படித்தான் சொன்னார்' என்று வாங்கியிருக்க வேண்டும். 2015-இல் வி.கே. மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறையைப் படிப்படியாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே உங்கள் கட்டத்தில் ஒவ்வொரு முரணுக்கும் எதிரே இரண்டு பக்க எண் வேண்டும்: சாட்சியிடம் கேட்ட இடம், அதிகாரியிடம் உறுதிசெய்த இடம். இரண்டும் இருந்தால் அது முழுப் பலம். முதலாவது மட்டும் இருந்தால் அரை பலம்கூட இல்லை.

விடுபடலும் இதே கணக்குதான். போலீசிடம் சொல்லாத முக்கியமான ஒன்றை நீதிமன்றத்தில் புதிதாகச் சொன்னால், சூழ்நிலையைப் பொறுத்து அதுவும் முரண்பாடாகலாம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. முக்கியம் எது என்பதில்தான் சண்டை. எதிரி கறுப்புச் சட்டையா நீலச் சட்டையா என்பது முக்கியமில்லை. திருடனின் முகத்தைப் பார்த்தேன் என்பதைப் போலீசிடம் சொல்லவே இல்லை, ஒன்றரை வருடம் கழித்துக் கூண்டில் வந்து சொன்னார் என்றால் அதைவிட முக்கியம் வேறில்லை.

சரி, கீழே வழக்கு நடத்தியவர் இப்படி எதையும் கேட்கவில்லை என்றால்? (அடிக்கடி இதுதான் நிலைமை.) அப்போது போலீஸ் வாக்குமூலத்தை மறந்துவிட்டு, நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய தாள்களுக்குப் போங்கள். ஒரு சாட்சிக்கும் இன்னொரு சாட்சிக்கும் நீதிமன்றத்திலேயே உள்ள மோதல். சாட்சியத்துக்கும் மாதிரி வரைபடத்துக்கும் உள்ள மோதல். படிவம் 95-க்கும் மகஜருக்கும் உள்ள மோதல். புகாரில் உள்ளதை, எழுதிக் கொடுத்தவரை முரண்படுத்தத்தான் பயன்படுத்தலாம், பக்கத்து வீட்டுக்காரரை அல்ல, அதற்கும் அவரிடம் குறுக்கு விசாரணையில் கேட்டிருக்க வேண்டும்.

வரைபடம் எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு காட்சி. இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில் நின்ற வண்டி போய்விட்டது, எதிர்வீட்டுக்காரர் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஆளைப் பார்த்ததாகச் சொன்னார். குறுக்கு விசாரணையில் அவரிடமிருந்து எதுவும் பெயரவில்லை. ஆனால் அதிகாரி போட்ட வரைபடத்தில் வேப்பமரம் இருந்தது, குழாயடி இருந்தது, பக்கத்துக் காலிமனைகூட இருந்தது, விளக்குக் கம்பம் மட்டும் இல்லை. பார்வை மகஜரிலும் இல்லை. அதிகாரி தன் கண்ணால் பார்த்து எழுதியது சான்றாகும், மற்றவர் சொல்லக் கேட்டு வரைபடத்தில் குறித்தது ஆகாது. அந்தக் கம்பம் இல்லாத தாள்தான் அந்த மேல்முறையீட்டைத் தூக்கி நிறுத்தியது.

6. அடையாளம் காட்டியது எப்படி என்று தோண்டுங்கள்

சாட்சிக்கு எதிரியை முன்பே தெரியுமா, தெரியாதா? இந்த ஒரு கேள்விக்கு விடை எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தெரிந்தவர் என்றால் அடையாள அணிவகுப்பு இல்லையே என்று வாதிட்டுப் பயனில்லை. அப்போது கேட்க வேண்டியது, தெரிந்தவர் என்றால் புகாரில் ஏன் பெயர் இல்லை என்பது.

தெரியாதவர் என்றால் வலுவான இடம். சம்பவத்தின்போது சில நொடி பார்த்தவரை, முன்கூட்டியே அணிவகுப்பு எதுவும் இல்லாமல், முதன்முறையாக நீதிமன்றத்தில், அதுவும் எதிரிக்கூண்டில் நிற்கும் ஒரே ஆளைக் காட்டி 'இவர்தான்' என்று சொல்வதற்கு மதிப்பில்லை என்று கண்ணன் எதிர் கேரள அரசு வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுத் தரப்பு இதற்கு மல்கான் சிங் வழக்கை (2003) எடுத்து நீட்டும். சாரமான சான்று நீதிமன்றத்தில் காட்டும் அடையாளம்தான், அணிவகுப்பு இல்லாததே வழக்கைக் கெடுத்துவிடாது என்பது அதன் நிலை. அதனால் அணிவகுப்பு இல்லை என்பதோடு நிறுத்தாமல், எத்தனை நொடி, எவ்வளவு தூரம், என்ன வெளிச்சம், ஹெல்மெட் இருந்ததா, புகாரில் அங்க அடையாளம் ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாக அடுக்கி, இந்தச் சாட்சிக்கு முகம் பதிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டுங்கள்.

அணிவகுப்பு நடந்திருந்தால் கைது தேதிக்கும் அணிவகுப்புத் தேதிக்கும் இடையில் என்ன நடந்தது என்று பாருங்கள். நிலையத்தில் சாட்சிக்கு ஆளைக் காட்டினார்களா, படம் செய்தித்தாளில் வந்ததா, கூட நிறுத்தியவர்கள் வயதிலும் தோற்றத்திலும் ஒத்தவர்களா. 'போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள், அங்கே எதிரியைப் பார்த்தேன்' என்று சாட்சியே முதல் விசாரணையில் வெள்ளந்தியாகச் சொல்லியிருப்பார், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

7. பொருளை மீட்ட கதை

நேரில் பார்த்த சாட்சி இல்லாத திருட்டு வழக்குகளில் தண்டனை நிற்பது மீட்பின் மேல்தான். திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் பொருள் ஒருவரிடம் இருந்தால், அவர் கணக்குச் சொல்லாத பட்சத்தில் அவரே திருடியவர் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவர் என நீதிமன்றம் அனுமானிக்கலாம் (புதிய சாட்சியச் சட்டத்தில் 119, பழையதில் 114). அந்த அனுமானத்துக்கு மூன்று கால்: பொருள் எதிரியிடம்தான் இருந்தது, அது புகார்தாரரின் பொருள்தான், இடைவெளி குறைவு. ஒரு காலை உடைத்தாலும் போதும்.

முதல் கால், மகஜர் சாட்சிகள். நம் ஊரில் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கைது எங்கே, வாக்குமூலம் எங்கே வைத்து எழுதியது, யார் எழுதியது, பொருளை எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று இருவரும் சொன்னதையும் அதிகாரி சொன்னதையும் கட்டத்தில் ஏற்றுங்கள். 'போலீஸ் ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் சரிதான்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அன்று உங்களுக்குத் தீபாவளி. ஆனால் மகஜர் சாட்சி பிறழ் சாட்சியாகிவிட்டார் (அரசுத் தரப்புக்கு மாறாகப் பேசிவிட்டார்) என்பதாலேயே மீட்பு பொய்யாகிவிடாது, அதிகாரியின் சாட்சியம் மட்டுமே நம்பும்படி இருந்தால் அதை வைத்தும் தண்டிக்கலாம். அதிகாரியையும் சேர்த்து அசைக்க வேண்டும்.

ஒப்புதல் வாக்குமூலத்தில் 'நான்தான் திருடினேன்' என்ற பகுதியை நடுவர் தீர்ப்பில் எடுத்து எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். போலீசிடம் சொன்ன ஒப்புதல் சான்றாகாது. பொருளைக் கண்டுபிடிக்க வைத்த பகுதி மட்டுமே ஏற்கத்தக்கது, பழைய சட்டத்தின் 27-ஆம் பிரிவில் இருந்தது இப்போது 23-இன் வரம்புரையாக இருக்கிறது. புலுக்குரி கொட்டய்யா வழக்கில் (1947) அன்றைய உச்ச மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில் போட்ட கோடு இன்றும் மாறவில்லை. மொத்த வாக்குமூலத்தையும் சான்றாவணமாகக் குறியீடு செய்து, நடுவரும் அதைப் படித்துவிட்டு எழுதிய தீர்ப்புகள் இன்னும் வருகின்றன.

இரண்டாவது கால், பொருளின் அடையாளம். இங்கே தராசுதான் உங்கள் சாட்சி. புகாரில் மூன்று சவரன் சங்கிலி, அதாவது 24 கிராம். மகஜரில் 21 கிராம். படிவம் 95-இல் எடையே இல்லை. புகார்தாரர் நீதிமன்றத்தில் சா.பொ.1-ஐ (முதல் சான்றுப் பொருள்) கையில் வாங்கி 'இது என்னுடையதுதான்' என்கிறார், எதை வைத்து என்று யாரும் கேட்கவில்லை. சந்தையில் கிடைக்கும் ஒரே மாதிரிச் சங்கிலிக்குத் தனி அடையாளம் என்ன, ரசீது உண்டா, முதல் புகாரில் டாலரின் வடிவமாவது சொன்னாரா? உருக்கிய கட்டியாக மீட்டிருந்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். அடகுக் கடையில் மீட்டிருந்தால் அடகுச் சீட்டும் கடைப் பேரேடும் சான்றாவணங்களில் இருக்கின்றனவா, கடைக்காரர் எதிரியை அடையாளம் காட்டினாரா என்று பாருங்கள். கடைக்காரரையே விசாரிக்காமல் விட்ட வழக்குகள் உண்டு.

மூன்றாவது கால், இடைவெளி. எத்தனை நாள் என்று சட்டத்தில் இல்லை. கைமாறக்கூடிய பொருளுக்கு இடைவெளி கூடக்கூட அனுமானம் மெலியும்.

8. விட்டுவிடக் கூடாத இரண்டு

எதிரிக்கு எதிரான ஒவ்வொரு சான்றையும் அவரிடம் கேட்டிருக்க வேண்டும் (351/313). தீர்ப்பு எந்தச் சூழ்நிலையை நம்பியதோ அதைக் கேள்வியில் தேடுங்கள். இல்லையென்றால், கேட்காததால் என்ன பாதிப்பு என்று ஒரு வரி சேர்த்துத் தனிக் காரணமாக்குங்கள்.

கண்காணிப்பு கேமரா பதிவை வைத்துத் தண்டித்திருந்தால், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இருக்கிறதா (சாட்சியச் சட்டம் 63/65பி) என்று பாருங்கள். மூலக் கருவியையே கொண்டுவராத வரை சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் 2020-இல் தீர்ந்துவிட்டது.

9. காரணங்களை எழுதுவது

'தீர்ப்பு சட்டத்துக்கும் சான்றுக்கும் எதிரானது' என்று தொடங்கிப் பன்னிரண்டு பொதுக் காரணங்களை அச்சடித்தது போல் எழுதுவது பழக்கமாகிவிட்டது. நீதிபதி அதைப் படிப்பதில்லை, தாண்டிப் போகிறார். ஒரு காரணம் என்றால் அதில் நான்கு இருக்க வேண்டும்: நடுவர் எதை நம்பினார் (தீர்ப்பின் பத்தி), சாட்சி என்ன சொன்னார் (பக்கம்), அது எதோடு மோதுகிறது (பக்கம்), அதனால் வழக்கின் எந்தப் பகுதி விழுகிறது. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பலமான மூன்று காரணங்களை முதலில் வையுங்கள். நேரத்தில் ஐந்து நிமிட வித்தியாசம், சட்டை நிறம் போன்ற சில்லறைகளை அடுக்காதீர்கள். 'சிறு முரண்கள் உண்மையான சாட்சிக்கும் இயல்பு' என்ற வாக்கியம் அரசுத் தரப்பின் நாக்கு நுனியில் தயாராக இருக்கும், சில்லறையோடு சேர்த்து உங்கள் நல்ல காரணத்தையும் அது அடித்துக்கொண்டு போகும்.

ஒரே சாட்சியை நம்பிய வழக்கென்றால், 'ஒரு சாட்சி போதாது' என்று எழுதாதீர்கள், சட்டப்படி போதும். நம் மாநிலத்திலிருந்தே போன வடிவேலு தேவர் வழக்கில் (1957) உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டும் இல்லாதவர். மூன்றாம் வகைக்கு வேறு சான்றின் துணை வேண்டும். உங்கள் வழக்கில் நடுவர் நம்பிய சாட்சி ஏன் மூன்றாம் வகை என்று காட்டி, துணைச் சான்று எங்கும் இல்லை என்று முடிப்பது, அவரை முழுப் பொய்யர் என்று நிரூபிக்கப் போராடுவதைவிட எளிது.

10. தாக்கல்

மேல்முறையீட்டு மனு, தீர்ப்பின் நகல், வக்காலத்து, தண்டனை நிறுத்திவைப்பு மனு (430(1)/389(1)), தாமதம் இருந்தால் அதற்கான மனு. நடுவர் கொடுத்த அவகாசம் முடியும் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். மேல்முறையீட்டுக்கு எண் கிடைத்துவிட்டது, ஆனால் நிறுத்திவைப்பு உத்தரவு வரவில்லை, அதற்குள் பிடியாணை வந்துவிட்டது என்று ஓடிவருபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. அனுமதி நிலையிலேயே மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருப்பதால் (425/384), முதல் நாளே பலமான அந்த ஒரு காரணத்தைச் சொல்லத் தயாராகப் போங்கள்.

11. வாதம்

அமர்வு நீதிபதி சான்று முழுவதையும் புதிதாக எடைபோட வேண்டியவர், அதனால் இதுதான் சாட்சியத்தைப் பற்றிப் பேச உங்களுக்குக் கிடைக்கும் கடைசி நல்ல மேடை. கட்டத்தைச் சுருக்கி ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். சாட்சியத்தின் அசல் வரியைப் படித்துக் காட்டுங்கள், விளக்கம் அப்புறம்.

நீங்கள் வரவில்லை என்பதற்காக மட்டும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ய முடியாது, பதிவுகளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று பானி சிங் வழக்கு (1996) சொல்கிறது. அதை நம்பி வராமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் இல்லாமல் படிக்கும் நீதிபதி கம்பம் இல்லாத வரைபடத்தை எடுத்துப் பார்ப்பாரா என்பது அவர் பாடு.

மாற்று வேண்டுகோளைக் கடைசியில் வையுங்கள். முதல் குற்றம், சிறு வயது என்றால் நன்னடத்தைச் சட்டம் 1958-இன் பலனை (சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவது) மேல்முறையீட்டு நீதிமன்றமும் தரலாம், தீர்ப்பு நாளில் 21 வயதுக்குக் கீழ் என்றால் இன்னும் வலுவாகக் கேட்கலாம். ஆனால் வாதத்தை இதில் தொடங்கினால், 'அப்போ குற்றத்தைப் பற்றிச் சண்டை இல்லையே' என்று கேட்டுவிடுவார்கள்.

12. தீர்ப்புக்குப் பிறகு

விடுதலை என்றால் சான்றிட்ட நகல் இரண்டு வாங்குங்கள், ஒன்றைக் கட்டிய அபராதத்தைத் திரும்பக் கேட்கும் மனுவோடு வையுங்கள். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய வழி இருப்பதால் வழக்குக் கட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

தண்டனை உறுதியானால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு (438, 442/397, 401), சென்னையோ மதுரைக் கிளையோ உங்கள் மாவட்டத்தைப் பொறுத்து. காலம் 90 நாள். அங்கே சாட்சியத்தை முழுதாக மறுபடி எடைபோட மாட்டார்கள், பதிவில் இருப்பதை அப்பட்டமாகத் தவறாகப் படித்திருந்தால் மட்டுமே தலையிடுவார்கள். ஆகவே சீராய்வு மனுவில் பழைய காரணங்களையே நகலெடுக்காமல், இரண்டு நீதிமன்றங்களும் எந்த வரியைப் பார்க்கத் தவறின என்று ஒன்றிரண்டை மட்டும் எடுத்து எழுதுங்கள். சரணடைய வேண்டிய தேதியை அன்றே நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.